தண்ணிக்கு ஞாபகமறதி ஜாஸ்தி

எங்க ஃபேமிலி க்ரூப்ல ஒரு சித்தப்பா இருக்கார். காலைல அஞ்சரைக்கே ஃபார்வர்டு ஆரம்பிச்சிடும். போன வாரம் வந்தது தண்ணி பத்தி. தண்ணிக்கு ஞாபக சக்தி உண்டாம், நல்ல வார்த்தை சொல்லிட்டு குடிச்சா உடம்புக்கு நல்லதாம், கோவமா இருக்கும்போது குடிச்சா அந்த கோவம் உள்ள போய் உக்காந்துக்குமாம், கீழயே ஒரு லிங்க், அதைத் தொட்டா தண்ணிக்கு "ஸ்ட்ரக்சர்" குடுக்கற மெஷின் ஒண்ணு விக்கறாங்க. வழக்கமா இதெல்லாம் பாத்துட்டு கடந்து போயிடுவேன். ஆனா இந்த தடவை என் பேரைப் போட்டு "டேய் நீதான் சயின்ஸ் படிச்சவனாச்சே, இது நெஜமா?"ன்னு கேட்டுட்டார்.

இல்ல சித்தப்பான்னு போட்டேன். ஏன்னு கேட்டார். டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, க்ரூப்ல போட்டா அத்தை எல்லாம் திட்டுவாங்கன்னு இங்க எழுதறேன்.

மொதல்ல ஞாபக விஷயத்தை முடிச்சிடலாம். ஒரு தண்ணி மூலக்கூறுன்னா நடுவுல ஒரு ஆக்சிஜன், அதுல ரெண்டு ஹைட்ரஜன், இது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல அவ்வளவா அழுத்திச் சொல்லாம விடறது என்னன்னா அந்த மூணும் ஒரே நேர்கோட்டுல இல்ல, வளைஞ்சிருக்கு, ரெண்டு ஹைட்ரஜனுக்கும் நடுவுல 104.5 டிகிரி கோணம். ஆக்சிஜன் கொஞ்சம் பேராசைக்காரன், எலக்ட்ரானை எல்லாம் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கும். அதனால ஆக்சிஜன் பக்கம் லேசா மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசா ப்ளஸ். மூணும் நேரா நின்னிருந்தா ரெண்டு பக்க இழுப்பும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கிட்டு சைபராயிருக்கும், கார்பன் டை ஆக்சைடுக்கு அப்படித்தான் ஆகுது. வளைஞ்சதால இதுக்கு ஒரு ப்ளஸ் பக்கம், ஒரு மைனஸ் பக்கம்னு ஆயிடுச்சு. அப்புறம் என்ன, இந்த மூலக்கூறோட ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜன்ல போய் ஒட்டும், அதோட ஹைட்ரஜன் அடுத்ததுல ஒட்டும், ஒருத்தருக்கு அதிகபட்சம் நாலு பேர். இதுக்குப் பேர்தான் ஹைட்ரஜன் பாண்ட்.

இந்த பாண்டோட பலம் எவ்வளவுன்னு பாத்தா, மூலக்கூறுக்கு உள்ள ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிடிச்சிருக்கற பிடியில கிட்டத்தட்ட இருபதுல ஒரு பங்குதான். சாதாரண ரூம் சூட்டுல ஒரு பாண்ட் நிக்கறது பிக்கோசெகண்ட் கணக்குல, அதாவது ஒரு செகண்டை லட்சம் கோடி துண்டா வெட்டினா அதுல ஒரு துண்டு, ஏதோ சில துண்டு. அதுக்குள்ள கையை விட்டுட்டு வேற ஆளைப் பிடிச்சிருக்கும். நீங்க "நல்லா இருப்பா"ன்னு தண்ணியைப் பாத்து சொல்றதுக்குள்ள, "ந" வாயை விட்டு வர்றதுக்குள்ளயே, அந்த டம்ளர்ல யார் யாரைப் பிடிச்சிருந்தாங்கங்கற கணக்கு கோடிக்கணக்கான தடவை கலைஞ்சு திரும்ப கலைஞ்சிருக்கும். எங்க ஞாபகம் வெச்சுக்கறது?

1988-ல ஜாக் பென்வெனிஸ்ட்ன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி இதே மாதிரி ஒண்ணு சொன்னார், ஆன்டிபாடின்னு நோய் எதிர்ப்புப் புரதம் ஒண்ணை தண்ணில கலக்கி கலக்கி கடைசில ஒரு மூலக்கூறு கூட மிஞ்சாத அளவுக்கு நீர்க்க வெச்சாலும் அந்தத் தண்ணி அந்தப் புரதம் மாதிரியே வேலை செய்யுதுன்னு. நேச்சர் பத்திரிகைல அது வெளியாச்சு. அப்புறம் அந்தப் பத்திரிகை எடிட்டர் ஜான் மேடாக்ஸே, மேஜிக் பண்றவர் ஜேம்ஸ் ராண்டியையும் கூட்டிக்கிட்டு லேபுக்கே போய் உக்காந்து, எந்த ட்யூப்ல எது இருக்குன்னு யாருக்கும் தெரியாதபடி மறைச்சு வெச்சு திரும்ப செய்யச் சொன்னாங்க. ரிசல்ட் காணாம போச்சு. விஷயம் அவ்வளவுதான், ஆனா முப்பத்தி சொச்சம் வருஷம் ஆகியும் மெஷின் விக்கறாங்க.

சரி, ஞாபகம் இல்ல. எனக்கு இதுல வருத்தம் என்னன்னா, இந்த ஃபார்வர்டு எல்லாம் இல்லாத அதிசயத்தைத் தேடிப் போய், நெஜமா இருக்கற அதிசயத்தை விட்டுடுது. டக்குனு பிடிக்கும், டக்குனு விட்டுடும், இந்த ஒரு குணத்துலதான் உயிர் மொத்தமும் தொங்கிட்டு இருக்கு. கொஞ்சம் லேசா பிடிச்சிருந்தாலும் நாம இல்ல, கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தாலும் நாம இல்ல. லேசா பிடிச்சிருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு உதாரணம் ரெடியா இருக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாத்தம் வருமே அது. தண்ணிக்கு சொந்தக்காரன்தான், ஆக்சிஜனுக்கு பதிலா தனிம அட்டவணைல அதுக்கு கீழ் வீட்டு சல்ஃபர், அவ்வளவுதான் வித்தியாசம். எடைல தண்ணியை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கனமா இருக்கறது கொதிக்க அதிக சூடு வேணும்னுதானே தோணும்? அது -60 டிகிரிலயே கொதிச்சு வாயுவாயிடும். அந்த குடும்பத்துலயே லேசான ஆளான தண்ணி 100 டிகிரி வரைக்கும் தாக்குப்பிடிக்குது. காரணம் அந்த ஒட்டுதான், சல்ஃபருக்கு அந்த அளவு பேராசை கிடையாது. ஒட்டு இல்லாட்டி பூமில கடல் கிடையாது, எல்லாம் ஆவியா மேல நிக்கும்.

இப்போ சூட்டுக் கணக்கு. ஒரு கிராம் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேணும், இரும்புக்கு 0.45 போதும். ஏன் இவ்வளவுன்னா நாம குடுக்கற சூட்டுல ஒரு பங்கு மூலக்கூறுகளை ஓட வெக்கறதுக்குப் போகாம பாண்டை இளக்கறதுக்கே செலவாயிடுது. வெயில்ல நிக்கற கார் மேல கை வெக்க முடியல, பக்கத்து குட்டைல தண்ணி இதமா இருக்கு, அது இதனாலதான். ஆனா எனக்குப் பிடிச்சது நம்ம உடம்புக் கணக்கு, இதை ஒரு நாள் உக்காந்து பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 70 கிலோ ஆள் சும்மா சோஃபால சாஞ்சிருந்தாலே உடம்பு சுமார் 80 வாட் சூடு கிளப்பிக்கிட்டு இருக்கும், பழைய குண்டு பல்பு மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு 288 கிலோஜூல் ஆச்சு. அந்த சூடு வெளிய போக வழியே இல்லன்னு வெச்சுக்குங்க, பாதிக்கு மேல தண்ணியா இருக்கற உடம்பு ஒரு மணி நேரத்துல ஒரு டிகிரி சொச்சம் ஏறும். அதே எடைக்கு நாம இரும்பு மாதிரி சூடு பிடிக்கற ஆளா இருந்தா ஒம்போது டிகிரி ஏறியிருக்கும். சும்மா உக்காந்தே செத்துப்போயிருப்போம், டிவில பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே.

வெயில் நாள்ல அந்த ஒரு டிகிரியும் ஏறாம பாத்துக்கறதுல பெரிய பங்கு வேர்வைக்கு. தோல் மேல ஒரு கிராம் தண்ணி ஆவியாகணும்னா பிடிச்சிருக்கற கை எல்லாத்தையும் பிச்சுக்கிட்டுத்தான் கிளம்பணும், அதுக்கு 2400 ஜூலுக்கு மேல ஆகும், அதை நம்ம தோல்ல இருந்துதான் எடுத்துக்கும். மேல சொன்ன 288 கிலோஜூலைக் கழட்டிவிட மணிக்கு 120 மில்லி வேர்வை போதும், சுமார் அரை டம்ளர்தான். காத்துல ஏற்கனவே ஈரம் நெறைஞ்சிருந்தா ஆவியாக எடமில்லாம வேர்வை சும்மா சொட்டிட்டு போகும், சொட்டற வேர்வையால பைசா பிரயோஜனம் இல்ல, ஆவியானாத்தான் கணக்கு. புழுக்கம்ங்கற வார்த்தைக்கு இதுதான் பிசிக்ஸ்.

அடுத்தது ஐஸ், இதுல எனக்கு சொந்த அனுபவம் உண்டு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி மூடியை நல்லா திருகி, அரை மணி நேரத்துல எடுத்துக்கலாம்னு ஃப்ரீசர்ல வெச்சுட்டு சுத்தமா மறந்துட்டேன், தண்ணியை விட எனக்கு ஞாபகமறதி. காலைல திறந்தா பாட்டிலோட அடிப்பாகம் வட்டமா, யாரோ அளவெடுத்து அறுத்த மாதிரி தனியா வந்து கெடக்கு. உள்ள இருந்த ஐஸ் பாட்டில் ஷேப்லயே ஜம்முனு நிக்குது. நடுவுல மட்டும் வெள்ளையா குமிழி குமிழியா ஒரு தண்டு மாதிரி, தண்ணில கரைஞ்சிருந்த காத்து வெளிய போக வழியில்லாம நடுவுல மாட்டினது. ஓரமெல்லாம் பளிங்கு மாதிரி தெளிவு. அழகாத்தான் இருந்தது, கண்ணாடித் தூளைப் பொறுக்கற வரைக்கும்.

ஒரு லிட்டர் தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 1090 மில்லி எடம் அடைக்கும். பெரும்பாலான பொருள் உறைஞ்சா சுருங்கும், மெழுகு உருக்கி ஒரு கிண்ணத்துல ஊத்தி ஆற விட்டா நடுவுல குழி விழும் பாருங்க, அதான் நடைமுறை. தண்ணி ஏன் இப்படின்னா, திரவமா இருக்கறப்போ கையை விட்டு விட்டுப் பிடிக்கறதால நெரிசல்ல ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு நிக்கலாம், கூட்டமான பஸ் மாதிரி. உறையும்போது ஓடறது நின்னு, ஒவ்வொருத்தரும் நாலு பேரை கையை முழுசா நீட்டி நிலையா பிடிச்சுக்கணும். கை நீட்டி நின்னா எடம் அதிகம் வேணும்தானே, நடுவுல ஆறு மூலை வெச்ச ஓட்டையா விழும். பனித்துகள் எல்லாம் ஆறு கை வெச்சிருக்கறதும் இந்த ஆறு மூலையாலதான்.

அதான் ஐஸ் மெதக்குது. இதுக்கே ஒரு காலத்துல பெரிய சண்டை நடந்திருக்கு, ஐஸ்ங்கறது இறுகின தண்ணி, கனம்தான் அதிகம், தட்டையா இருக்கறதாலதான் மெதக்குதுன்னு அரிஸ்டாட்டில் கட்சிக்காரங்க சொல்ல, இல்லய்யா ஐஸ் தண்ணியை விட லேசுன்னு கலிலியோ 1612-ல ஒரு புஸ்தகமே போட்டார். டெலஸ்கோப் வெச்சு வியாழனோட நிலாவைக் கண்டுபிடிச்ச கையோட ஐஸ் கட்டிக்கு வக்காலத்து. மனுஷன் சும்மா இருக்க மாட்டார் போல.

ஏரிக்கு இது எவ்வளவு முக்கியம்னு பாருங்க. குளிர் வந்தா மேல்தண்ணி ஆறி கனமாகி கீழ போகும், கீழ இருக்கறது மேல வரும், இப்படியே சுத்திக்கிட்டு 4 டிகிரி வரைக்கும் வரும். தண்ணி ரொம்ப கனமா இருக்கறது அந்த 4 டிகிரிலதான். அதுக்கும் கீழ ஆறினா கை நீட்டற வேலை அங்கங்க ஆரம்பிச்சுடறதால மறுபடி லேசாகுது, கீழ போகாம மேலயே நின்னு அங்கயே உறைஞ்சு ஒரு மூடி போட்டுடும். மூடிக்கு மேல காத்து -30 இருக்கட்டும், அடில 4 டிகிரில மீன் பாட்டுக்கு இருக்கும். ஐஸ் முழுகற ஜாதியா இருந்தா அடில இருந்து மேல வரைக்கும் கெட்டியாகிட்டே வந்திருக்கும், அடில படிஞ்ச ஐஸுக்கு கோடை வெயில் எட்டவே எட்டாது. உப்புக் கடல் தண்ணிக்கு இந்த 4 டிகிரி கதை பொருந்தாது, அது உறையற வரைக்கும் கனமாகிட்டேதான் போகும், ஆனா அதுலயும் ஐஸ் மெதக்கத்தான் செய்யும். அன்டார்டிகா கடல்ல தண்ணி -1.9 டிகிரி வரைக்கும் போகும், அங்க இருக்கற சில மீனோட ரத்தத்துல, குட்டி ஐஸ் துணுக்கு உருவானா உடனே அதுல போய் ஒட்டிக்கிட்டு வளர விடாம தடுக்கற புரதம் இருக்கு. என் பாட்டிலுக்கு ஆனது அதோட செல்லுக்கு ஆகாம இருக்கணுமே.

சித்தப்பாவுக்காக ஒரு சின்ன வேலை சொல்றேன், வீட்லயே செய்யலாம். ஒரு டம்ளர்ல விளிம்பு வரைக்கும் தண்ணி. சின்ன துண்டு டிஷ்யூ பேப்பரை தண்ணி மேல மெதுவா விட்டு, அது மேல தையல் ஊசியை படுக்க வைங்க. பேப்பர் ஊறி தானா கீழ போயிடும், போகலன்னா ஈர்க்குச்சியால லேசா அமுக்குங்க. ஊசி மேலயே நிக்கும். இரும்பு, தண்ணியை விட ஏழெட்டு மடங்கு கனம், ஆனா நிக்கும். கண்ணை டம்ளர் மட்டத்துக்கு கொண்டு வந்து பாருங்க, ஊசிக்கு அடில தண்ணி மெத்தை மாதிரி குழிஞ்சிருக்கும், தோல் போட்ட மாதிரி. மேல் வரிசை மூலக்கூறுகளுக்கு மேல் பக்கத்துல பிடிக்க ஆளில்ல, எல்லா இழுப்பும் பக்கவாட்டுலயும் கீழயும்தான், அதனால மேற்பரப்பு இழுத்துக் கட்டின துணி மாதிரி விறைப்பா நிக்குது. பாடப் புஸ்தகத்துல பரப்பு இழுவிசைன்னு வரும். இப்போ ஒரு குச்சில சோப்பு தொட்டு ஓரத்துல வைங்க. மீதியை நான் சொல்ல மாட்டேன்.

இதே இழுப்புதான் மரத்துலயும். கலிஃபோர்னியால ஹைபீரியன்னு ஒரு ரெட்வுட் மரம், உயரம் 115 மீட்டருக்கு மேல. உச்சி இலைக்கு தண்ணி எப்படிப் போகுது? மோட்டார் இல்ல, இதயம் இல்ல. மேல இருந்து உறிஞ்சற பம்ப்னாலும் காத்தழுத்தம் தள்ளித் தர்றது பத்து மீட்டர் சொச்சம்தான். 1894-ல ஹென்றி டிக்ஸன், ஜான் ஜோலின்னு டப்ளின்ல ரெண்டு பேர் சொன்ன பதில்தான் இன்னைக்கும் நிக்குது: இலைல இருந்து தண்ணி ஆவியாகறப்போ அது அடுத்ததை இழுக்கும், அது அதுக்கு அடுத்ததை, இப்படியே வேர் வரைக்கும் ஒரே கயிறு. தண்ணியைக் கயிறா திரிச்சு மேல இழுக்கறது! ஒவ்வொரு கையும் பிக்கோசெகண்டுல விட்டுடுது, ஆனா எந்த நேரத்துலயும் கோடானுகோடி கை பிடிச்ச நிலைல இருக்கறதால கயிறு அறுந்துபோறதில்ல. விட்டு விட்டுப் பிடிக்கறதாலதான் அது நகரவும் செய்யுது, ஒரேயடியா பிடிச்சா உறைஞ்ச கம்பியாத்தான் நிக்கும்.

தண்ணி எல்லாத்தையும் கரைக்கும்னு ஒரு பேச்சு உண்டு, புஸ்தகத்துலயே சர்வ கரைப்பான்னு போட்டிருப்பாங்க. எனக்கு அந்த வார்த்தை மேல கோவம். உப்பைக் கரைக்கும், சரி, சோடியத்துக்கு ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டியும் குளோரைடுக்கு ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டியும் சூழ்ந்துக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இழுப்பை எண்பதுல ஒரு பங்கா குறைச்சிடும், அப்புறம் அதுங்க பாட்டுக்கு ஆளுக்கொரு திசைல போயிடும். நம்ம நரம்புல ஓடற சிக்னலே இந்த சோடியமும் பொட்டாசியமும் இப்படி தனித்தனியா திரியறதாலதான். ஆனா எண்ணெயைக் கரைக்காது, அது கரைக்காததுதான் நமக்குக் கெடைச்ச பெரிய யோகம். எண்ணெய்க்கு தண்ணி மேல வெறுப்பு எல்லாம் ஒண்ணும் கிடையாது. நடுவுல எண்ணெய் வந்தா அதைச் சுத்தி நிக்கற தண்ணி மூலக்கூறுகளுக்கு விருப்பம்போல ஆள் மாத்திப் பிடிக்கற சுதந்திரம் கொறையுது, அதனால எண்ணெயை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிட்டு தன் கூட்டத்தோட சேந்துக்குது. கொழுப்பு மூலக்கூறுகள்ல சிலதுக்கு தலை தண்ணிக்குப் பிடிச்சது, வால் பிடிக்காதது. அதுங்க என்ன பண்ணும், வாலை எல்லாம் உள்ள மறைச்சு, தலையை ரெண்டு பக்கமும் வெளிய காட்டி, ரெண்டு வரிசையா ஒரு படலம் கட்டிக்கும். அதான் செல்லைச் சுத்தி இருக்கற சவ்வு. ஒரு மில்லிமீட்டர்ல லட்சத்துல சில பங்கு கூட தேறாத படலம், ஆணி இல்ல, பசை இல்ல, சுத்தி இருக்கற தண்ணியோட தள்ளுமுள்ளுலதான் நிக்குது. புரதம் மடங்கி ஒரு உருவத்துக்கு வர்றதுலயும் பெரிய பங்கு இதுக்குத்தான். தண்ணி நெஜமாவே எல்லாத்தையும் கரைச்சிருந்தா, செல்லும் இல்ல, கரைப்பான்னு புஸ்தகம் எழுத ஆளும் இல்ல.

கடைசியா, இறுக்கிப் பிடிச்சிருந்தாலும் நாம இல்லன்னு சொன்னேனே. அதுக்கும் ஆள் இருக்கு. கனநீர், ஹைட்ரஜனுக்கு பதிலா அதோட கனமான அண்ணன் டியூட்டீரியம். பாக்க அதே தண்ணி, நிறம் இல்ல, மணம் இல்ல. பிடி மட்டும் ஒரு துளி இறுக்கம், எவ்வளவுன்னா 0-க்கு பதிலா 3.8 டிகிரிலயே உறையும், 100-க்கு பதிலா 101.4-ல கொதிக்கும். அவ்வளவு சின்ன வித்தியாசம். 1933-ல கில்பர்ட் லூயிஸ், கனநீர் கையில கெடைச்ச புதுசுல, அதுல புகையிலை விதையைப் போட்டுப் பாத்தார். முளைக்கல. பக்கத்துல சாதா தண்ணில போட்டது முளைச்சது. பாலூட்டிகளுக்கு உடம்புத் தண்ணில பாதி கனநீரா மாறினா பிழைக்க முடியாது, செல் பிரியறதே நின்னு போகும். ஒரு டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆகாது, பயப்பட வேண்டாம். எல்லாப் பழியையும் ஒட்டு மேல போட மாட்டேன், டியூட்டீரியம் ரெண்டு மடங்கு கனம்ங்கறதால உடம்புக்குள்ள நடக்கற ரியாக்‌ஷனோட வேகமும் மாறுது. இருந்தாலும் டிஎன்ஏவோட ரெண்டு இழையைச் சேத்து வெச்சிருக்கறதும் இதே ஹைட்ரஜன் பாண்ட்தான், ஏணிப்படி ஒவ்வொண்ணுலயும் ரெண்டோ மூணோ, காப்பி எடுக்கணும்னா ஜிப்பு மாதிரி அவிழணும், முடிஞ்சதும் மறுபடி சேரணும். அவிழாத ஜிப்பை வெச்சு என்ன பண்ண?

இதை எழுதி முடிச்சு லிங்கை க்ரூப்ல போட்டேன். மூணு அத்தை கும்பிடு போட்டாங்க, படிச்சிருக்க மாட்டாங்க. சித்தப்பா ராத்திரி வரைக்கும் சத்தமே இல்ல. பத்து மணிக்கு ஒரு ஃபோட்டோ வந்தது, எவர்சில்வர் டம்ளர், கொஞ்சம் ஆடி மங்கலா எடுத்தது, தண்ணி மேல ஊசி ஒண்ணு படுத்திருக்கு. கீழ ஒண்ணும் எழுதல.

அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு மெசேஜ்: "சோப்பு வெச்சேன்டா. போச்சு. உங்க சித்தி ஊசி எங்கன்னு கேக்கறா."